57 என்றால் 1957 அல்ல

நம் தலைமுறையில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி பள்ளிக்கூட வாத்தியார் போட்டதுதான். அவர் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு நாளைப் போட்டார், அது சர்வீஸ் புக்கில் ஏறியது, அந்தக் கணக்குப்படி மாலை போட்டு நம்மை வீட்டுக்கு அனுப்பினார்கள். புதுச்சேரியில் எத்தா சிவில் பதிவு இருந்ததால் நாங்கள் கொஞ்சம் தப்பித்தோம். பதிவு விட்டுப்போனவர்கள் கோர்ட்டுக்குப் போய், சாட்சிகளை நிறுத்தி, ‘ஜுய்ஜ்மான் சுப்ளேத்திஃப்’ வாங்கி வயதை நிலைநாட்ட வேண்டும். ஆபீசில் அப்படிப்பட்ட தீர்ப்புகளை நிறையப் படித்திருக்கிறேன். எந்தச் சாட்சியை ஏற்கலாம், எதைத் தள்ளலாம் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதற்காகத்தான் இந்தப் பீடிகை.

போன வருஷம் பிரான்சில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் காலமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருடைய சிவப்பு கொல்னாகோ சைக்கிள் கராஜில் தொங்கிக்கொண்டிருந்தது. மிலானுக்குப் பக்கத்தில் கம்பியாகோ என்ற சிற்றூரில் எர்னெஸ்தோ கொல்னாகோவின் பட்டறையில் செய்தது. ‘1974இல் ஓவர்டைம் காசைச் சேர்த்து வாங்கினேன்’ என்று அத்தான் நூறு தடவை சொல்லியிருக்கிறார். 1972இல் மெக்சிகோவில் எடி மெர்க்ஸ் கொல்னாகோ செய்த சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை செய்ததிலிருந்து அவருக்கு அந்தப் பெயர்மேல் ஒரு பைத்தியம்.

மருமகன் அதை விற்கலாமா என்று யோசித்தான். அவனுடைய சிநேகிதன் ஒருவன் சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி, பெடல் அச்சு ஓடும் கூட்டின் அடியில் 57 என்று குத்தியிருப்பதைக் கண்டுபிடித்தான். “1957! நல்ல விலை போகும்” என்று குதித்தான். உண்மையைச் சொல்கிறேன், நானும் தலையாட்டினேன். மறுநாள் பழைய சைக்கிள் வாங்கி விற்கும் ஒருவர் வந்தார். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கியர் மாற்றும் டெரெய்லரைக் குனிந்து பார்த்தார். அதில் கம்பாஞ்ஞோலோ என்ற பெயரும் ‘பேட்டண்ட் 82’ என்ற எழுத்தும் இருந்தன. “இது 1982. உங்கள் அப்பா வருஷத்தைக் கொஞ்சம் தாராளமாகச் சொல்லிவிட்டார்” என்று சிரித்தார். அக்கா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சிரிப்புதான் என்னை உட்கார்ந்து படிக்க வைத்தது. இரண்டு பேருமே ஃபிரேமைப் பார்க்கவில்லை. ஒருவன் ஒரு எண்ணைப் பார்த்தான், இன்னொருவர் ஒரு உதிரி பாகத்தைப் பார்த்தார். இப்படித்தான் உலகமெங்கும் பழைய இத்தாலிய ஃபிரேம்களுக்கு வயது போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் 57. டேப் எடுத்து, பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட் குழாயின் மேல் நுனி வரை அளந்தேன். சரியாக 57 சென்டிமீட்டர். அது உயரம். சட்டைக் காலரில் 40 என்று இருந்தால் சட்டை 1940இல் தைத்ததா? இத்தாலியப் பட்டறைகளில் இப்படி அளவைக் குத்தும் பழக்கம் உண்டு. அதோடு இந்த ஃபிரேமில் குழாய்கள் சந்திக்கும் லக்கில் கிளாவர் வடிவத்தில் ஓட்டை வெட்டியிருக்கிறது. 1970இல் மிக்கேலே தான்செல்லி கொல்னாகோ சைக்கிளில் மிலான்–சான் ரெமோ பந்தயத்தை வென்ற பிறகுதான் அந்தச் சீட்டுக்கட்டுக் கிளாவர் கொல்னாகோவின் சின்னம் ஆனது. 1957இல் செய்த லக்கில் அது எப்படி வந்து உட்காரும்?

அடுத்து 82. அந்த எண் டெரெய்லர் எந்த ஆண்டுக்காரன் என்று சொல்லும், அதை மறுக்கவில்லை. ஆனால் டெரெய்லரை ஒரு ஸ்பானரை வைத்துப் பத்து நிமிஷத்தில் மாற்றலாம். சைக்கிளை ஓட்டுகிறவன் தேய்ந்ததை மாற்றத்தான் செய்வான். ஃபைலில் பின்னால் சேர்த்த ஒரு தாளின் தேதியைப் பார்த்து ஃபைலே அன்றுதான் திறந்தது என்று ஒரு குமாஸ்தா எழுதினால் சூப்பரிண்டெண்ட் என்ன சொல்வார்? ஸ்பானரால் கழற்ற முடிந்த எதுவும் ஃபிரேமின் வயதுக்குச் சாட்சி ஆகாது. ஸ்டிக்கர் அதைவிட மோசம், பழைய மாதிரி ஸ்டிக்கரை இன்றைக்கும் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள்.

சாட்சி சொல்லக்கூடியது நெருப்பில் பற்றவைத்தது மட்டும்தான். 1960களிலும் 70களின் முற்பகுதியிலும் ரேஸ் ஃபிரேமின் குழாய்களில் பெரும்பாலும் எதையும் பற்றவைக்க மாட்டார்கள். பின் பிரேக் கேபிளை மேல் பாரில் மூன்று குரோம் கிளிப் போட்டுப் பிடிப்பார்கள், கியர் லீவரையும் கிளிப்பில்தான் மாட்டுவார்கள். தண்ணீர்ப் பாட்டிலுக்குத் திருகு ஓட்டை இருக்காது. 70களில் ஒவ்வொன்றாகப் பற்றவைக்கத் தொடங்கினார்கள். முதலில் கேபிள் வழிகாட்டி பெடல் கூட்டின் மேலே வந்தது, கீழ் பாரில் ஒரு பாட்டிலுக்கு இடம் வந்தது. 80களில் கேபிள் கூட்டின் அடியில் போனது, சீட் குழாயில் இரண்டாவது பாட்டிலுக்கு இடம் வந்தது, முன் டெரெய்லருக்கு ஒரு காது முளைத்தது, பிரேக் கேபிள் சில ஃபிரேம்களில் பாருக்கு உள்ளேயே புகுந்தது. பின் சக்கரம் உட்காரும் இடத்தின் அகலமும் பேசும். ஐந்து பல்சக்கரக் காலத்தில் 120 மில்லிமீட்டர், ஆறு ஏழு வந்தபோது 126, எட்டு வந்தபோது 130.

அத்தானுடைய ஃபிரேமில் மேல் பாரில் மூன்று கிளிப். கிளிப்பைக் கழற்றினால் அடியில் பெயிண்ட் நிறம் மங்காமல் இருக்கிறது, ஆகவே அவை நேற்றுப் போட்டவை அல்ல. கேபிள் வழிகாட்டி கூட்டின் மேலே. பாட்டில் இடம் கீழ் பாரில் மட்டும். முன் டெரெய்லருக்குக் காது இல்லை. பின் அகலம் 120. பெடல் கூட்டின் அகலம் 70 மில்லிமீட்டர், பிரெஞ்சு ஃபிரேம் என்றால் 68 இருக்கும். இது நாட்டைச் சொல்லும், ஆண்டைச் சொல்லாது, ஏனென்றால் இத்தாலிக்காரர்கள் அந்த அளவைப் பல பத்தாண்டுகள் மாற்றவில்லை. 1982இல் நல்ல கொல்னாகோ ரேஸ் ஃபிரேம் ஒன்று இத்தனை பழைய அடையாளங்களோடு மொத்தமாக வெளிவந்தது என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

எதிர்க்கேள்வி நியாயமானதுதான். பெயிண்ட் அடிக்கக் கொடுக்கும்போது புதிய வழிகாட்டிகளைப் பற்றவைத்துக்கொண்டவர்கள் உண்டு. 120ஐ நெம்பி 126 ஆக்கியவர்களும் உண்டு. சின்னப் பட்டறையில் பழைய லக் மீந்திருந்தால் தூக்கியா போடுவார்கள்? ஆகவே ஒற்றை அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஐந்தாறு சாட்சிகள் தனித்தனியாக ஒரே பக்கம் கைகாட்டினால் எழுதலாம். அப்போதும் ஓர் ஆண்டை எழுதக் கூடாது, ஒரு காலத்தைத்தான் எழுத வேண்டும். அத்தானின் ஃபிரேம் 1970க்கு முந்தியதல்ல. 70களின் நடுப்பகுதி என்பதே பொருத்தம். அவர் சொன்ன 1974க்கு எதிராக அதில் ஒரு சாட்சியும் இல்லை. நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான், அதற்குமேல் ஓர் எழுத்து சேர்த்தாலும் நானும் ஜூன் மாத வாத்தியார் ஆகிவிடுவேன்.

இந்த வருஷச் சூதாட்டம் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? இத்தாலியில் கயோலே இன் கியான்தியில் 1997 முதல் லெரோய்க்கா என்று பழைய சைக்கிள்களுக்கு ஒரு பயணம் நடத்துகிறார்கள். 1987 வரை செய்த ரேஸ் சைக்கிளை அனுமதிக்கிறார்கள். 1957 ஆனாலும் 1982 ஆனாலும் அங்கே ஓட்டலாம். ஓட்டுகிறவனுக்கு இந்தப் பொய் தேவையே இல்லை, விலை பேசுகிறவனுக்குத்தான் தேவை.

அந்த வியாபாரி போகும்போது, “மணல் அடித்துச் சுரண்டி, புது பெயிண்ட், புது ஸ்டிக்கர் போட்டால் அம்சமாக இருக்கும்” என்று ஒரு யோசனையும் சொல்லிவிட்டுப் போனார். கிளிப்புக்கு அடியில் மங்காமல் இருந்த அந்தச் சிவப்பும் அதோடு போய்விடும். சாட்சியை அழித்துவிட்டு அதற்குப் புதுப்பித்தல் என்று பெயர் வைக்கிறார்கள். உங்கள் வீட்டில் பழைய சைக்கிள் இருந்தால், எந்த நாட்டுடையதானாலும், பெயிண்டர் கையில் கொடுப்பதற்கு முன்னால் திருப்பிப் போட்டு, அளந்து, எழுதி வையுங்கள்.

நான் அளவுகளையெல்லாம் ஒரு தாளில் பிரெஞ்சில் எழுதி மருமகனிடம் கொடுத்தேன். “அப்போ விலை எவ்வளவு மாமா?” என்றான். அது எனக்குத் தெரியாது என்றேன். அக்கா தாளை வாங்கி, கண்ணாடி போட்டு, கடைசி வரி வரை படித்தாள். பிறகு அதை மடித்து, அத்தானின் பென்ஷன் காகிதங்கள் இருக்கும் ஃபைலில் வைத்தாள். சைக்கிள் இன்னும் கராஜில்தான் இருக்கிறது.