எண்ணிப் பார்க்கட்டுமே!

மாப்பிள்ளை வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் போன வாரம் ஆடிட். அருள்புரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு பையர் அனுப்பிய ஆள் வந்து வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், தீயணைப்பான், கழிவறை என்று எல்லாவற்றையும் பார்ப்பார். "நம்ம மேல நம்பிக்கை இல்லாமத்தானே மாமா வர்றாங்க?" என்று மாப்பிள்ளை சலித்துக்கொண்டார்.

அன்று இரவு தொலைக்காட்சியில் ஈரானையும் சர்வதேச அணுசக்தி முகமையையும் பற்றிய விவாதம். அங்கேயும் இதே குரல்தான்: எங்கள் வீட்டுக்குள் நுழைய நீ யார்?

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் கன்ட்ரோல் என்றால் அடக்கி வைப்பது. பிரெஞ்சில் 'கோந்த்ரோல்' என்றால் முதலில் சரிபார்ப்பது. அந்தச் சொல்லின் மூலமே 'எதிர்ப் பதிவேடு' என்பதுதான். ஒருவர் எழுதும் கணக்குக்கு இன்னொருவரிடம் ஒரு பிரதி இருக்கும். இரண்டையும் ஒத்துப் பார்ப்பார்கள்.

1957-இல் தொடங்கி வியன்னாவிலிருந்து இயங்கும் அந்த முகமை செய்வதும் இந்த குமாஸ்தா வேலைதான். யுரேனியம் எவ்வளவு வந்தது, எவ்வளவு எரிந்தது, மீதி எங்கே என்று நிலையம் கணக்கு எழுத வேண்டும். ஆய்வாளர்கள் வந்து எண்ணுவார்கள், அளப்பார்கள், சீல் வைப்பார்கள், கேமரா பொருத்துவார்கள். 8 கிலோ புளூட்டோனியம் கணக்கில் உதைத்தால் ஒரு குண்டுக்கு வழி உண்டு என்பது அவர்கள் அளவுகோல். ஒரு சின்ன அரிசிப் பையின் எடை!

என் கதை ஒன்று சொல்கிறேன். பணியில் இருந்தபோது ஆண்டு இருப்புச் சரிபார்ப்புக்கு என்னை ஒரு கிடங்குக்கு அனுப்பினார்கள். கிடங்குப் பொறுப்பாளர் தங்கமான மனிதர். அவரை அவமதிப்பதாகிவிடுமே என்று எண்ணாமலே கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஆண்டு குறைவு கண்டுபிடிக்கப்பட்டது. எப்போது குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பழி அவர் மேல் விழுந்தது. அவர் எடுக்கவில்லை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கையை எந்த விசாரணை ஏற்கும்? நான் எண்ணியிருந்தால் அது அவருக்குச் சாட்சியாக இருந்திருக்கும்.

நம் நாட்டுக் கதையும் கொஞ்சம் அப்படித்தான். கனடா கொடுத்த சைரஸ் உலைக்குச் சரிபார்ப்பு எதுவும் கிடையாது. 'அமைதிக்கு மட்டும்' என்ற வாக்கு மட்டுமே. 1974-இல் பொக்ரானில் வெடித்த சாதனத்துக்குப் புளூட்டோனியம் அதிலிருந்துதான் வந்தது. அன்று அலுவலகத்தில் மிட்டாய் வாங்கிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அதன் பின் அணு எரிபொருள் விற்கும் நாடுகள் ஒன்றுகூடிக் கதவைச் சாத்தின. தாராப்பூருக்கு அமெரிக்கா எரிபொருளை நிறுத்தியது. 1982-இல் பிரான்ஸ் கைகொடுத்தது. 2008-இல்தான் கதவு திறந்தது. 22 மின் உலைகளில் 14-ஐச் சரிபார்ப்புக்கு உட்படுத்துவதாக ஒப்புக்கொண்டோம்.

கூடங்குளத்துக்கு அந்த ஆய்வாளர்கள் வருகிறார்கள். நம் மானம் ஒன்றும் போய்விடவில்லை. ஆனால் கல்பாக்கத்தின் இரண்டு பழைய உலைகளும் 500 மெகாவாட் வேக ஈனுலையும் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. ஈனுலைத் தொழில்நுட்பம் இன்னும் முதிரவில்லை என்று அரசு காரணம் சொன்னது. ராணுவ ரகசியம் தனி. மின்சாரத்துக்காகக் கட்டியதை எண்ணிப் பார்க்கட்டுமே என்பது என் கட்சி.

"வல்லரசுகள் ஐந்தும் தங்கள் ஆயுத அலமாரியைக் காட்டுவதில்லையே?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். அந்த ஒப்பந்தத்தில் நாம் கையெழுத்திடாததற்கு இந்த ஓரவஞ்சனையே காரணம். மேலதிகாரியின் அலமாரியைத் திறக்காத தணிக்கை அரைத் தணிக்கைதான். அதற்காக நம் அலமாரியையும் பூட்டிக்கொள்வது பதிலாகாது. நம் கணக்கைத் திறந்து வைத்துவிட்டு அவர்களைக் கேட்டால் குரலில் வலு இருக்கும்.

பரம எதிரியுடன்கூட நாம் இதைக் கொஞ்சம் செய்கிறோம். இந்தியாவும் பாகிஸ்தானும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலை 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் பரிமாறிக்கொள்கின்றன. அவற்றைத் தாக்குவதில்லை என்ற ஒப்பந்தம் அது. கார்கில் போருக்குப் பிறகு வந்த புத்தாண்டிலும் அது நிற்கவில்லை.

ஆடிட் முடிவு நேற்று வந்தது. குறை ஒன்றே ஒன்று: காலாவதியான தீயணைப்பான். அது மாட்டியிருந்த இடம் மாப்பிள்ளையின் நாற்காலிக்குப் பின்னால். இப்போது புதிது மாட்டிவிட்டார்கள்.