தொண்டரும் சம்பளக்காரரும் ஒரே மேடையில்



மும்பையிலோ, புனேயிலோ, பெங்களூரிலோ கல்லூரியில் பயிலும் உங்கள் பிள்ளை, ஆண்டு விழா நெருங்கும் நாட்களில் நள்ளிரவில் வீடு திரும்புவதைக் கண்டிருப்பீர்கள். கேட்டால், "ஒலி, ஒளிக் குழுவில் இருக்கிறேன்" என்று பெருமையோடு சொல்லும். சம்பளமின்றி மாணவர்களே கூடி உழைக்கும் இக்குழுக்கள் நல்ல பயிற்சிக்களங்கள். பிறரோடு இசைந்து வேலை செய்வதை வகுப்பறையைக் காட்டிலும் அங்கே விரைவாய்க் கற்றுக்கொள்ளுகிறார்கள்.

ஆயினும் ஒன்றை நிதானித்துப் பாருங்கள். நம் வீட்டிற்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். பெரிய மேடைக்கு ஜெனரேட்டரிலிருந்து வருவதோ மும்முனை 415 வோல்ட். உடலின் வழியே 30 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து நேரிடலாம். ஒரு 40 வாட் குண்டு பல்பு இழுப்பதில் அது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மழையில் நனைந்த தரை, எர்த் இல்லாத இணைப்பு, இரண்டு இரவு தூங்காத பிள்ளை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும்?

2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக விழாவில், மழை தொடங்கவே திரள் கூட்டம் ஒரே வாயிலின் வழியாய்த் திறந்தவெளி அரங்கிற்குள் நெருக்கிற்று. செங்குத்தான படிகளில் விழுந்து நால்வர் மாண்டனர். அவர்களில் மூவர் மாணவர். அது மின்விபத்தன்று. ஆனாலும் பெருங்கூட்டம் கூடுமிடத்தில் ஆர்வம் மாத்திரம் போதாது என்பதை அத்துயரம் உணர்த்துகிறது.

ஆகையால் சம்பளம் பெறும் தொழில்நுட்பப் பணியாளரை அழைப்பது அவசியமாகிறது. அங்கேதான் மனத்தாங்கலும் பிறக்கிறது. "நாங்கள் இலவசமாய்ச் செய்ததற்கு இவர்களுக்கு ஏன் பணம்?" என்கிறார்கள் மாணவர்கள். "இந்தச் சிறுபிள்ளைகள் சொல்லியா நான் வேலை செய்யவேண்டும்?" என்கிறார் எலெக்ட்ரீஷியன். இரண்டு கேள்விகளும் நியாயமானவையே. அவற்றிற்கு முன்னதாகவே விடை சொல்லிவிடவேண்டும்.

முதலாவது, வேலையைப் பிரித்து எழுதி வையுங்கள். மின் இணைப்பு, ஜெனரேட்டர், உயரத்தில் விளக்கு கட்டுதல் ஆகியவை உரிமம் பெற்றவருக்கு உரியவை. நிகழ்ச்சி வரிசை, மைக் ஏற்பாடு, ஒலிக்கலவை, விருந்தினரைக் கவனித்தல் ஆகியவை மாணவருக்கே இருக்கட்டும். சம்பளம் கொடுக்கப்படுவது பொறுப்பிற்காக. மாணவரின் உழைப்பு மட்டமானது என்பதற்காக அல்ல.

இரண்டாவது, ஒவ்வொரு பணியாளரோடும் இரண்டு மாணவர் நின்று கற்றுக்கொள்ளட்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. எதற்கு, எர்த் கம்பியை ஏன் வெட்டக்கூடாது என்பதை அறிந்த பிள்ளை வீட்டிற்கும் பயன்படும்.

மூன்றாவது, ஆபத்தென்று கண்டால் நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கட்டும். பாடகர் கோபித்தாலும், கூட்டம் கூச்சலிட்டாலும், அவர் சொல்லே முடிவு. இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாதென்ற 2000ஆம் ஆண்டு விதியையும், அரசு தளர்த்தும் சில நாட்கள் தவிர, அவரே காக்கவேண்டும்.

நான்காவது, வந்தவரை மரியாதையோடு நடத்துங்கள். அவரும் நம்மைப்போல் பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவராயிருக்கலாம். மாணவர் உண்ணும் உணவை அவரும் உண்ணட்டும். பேசிய கூலி அன்றே கைக்குச் சேரட்டும்.

நம் கன்வென்ஷன் மேடைகளிலும் வாலிபரே வயர் இழுக்கிறார்கள் அல்லவா? அங்கும் இவை பொருந்தும்.

இன்றிரவு உங்கள் பிள்ளை வந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் மேடையில் மெயின் சுவிட்சை அணைக்கும் அதிகாரம் யாருக்கு?" பதில் சொல்லத் தயங்கினால், அக்கல்லூரியின் பொறுப்பாசிரியரோடு மறுநாளே பேசுங்கள்.