பனியன் நகரின் பிள்ளைகளும் மனநல ஆலோசனையும்

பனியன் நகரம் என்றும் டாலர் நகரம் என்றும் நம் திருப்பூரைப் புகழாத ஏடு இல்லை. நொய்யல் கரையிலே வளர்ந்த இவ்வூர் பல இலட்சம் பேருக்குச் சோறு போடுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் தாயும் தந்தையும் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் வீட்டில், 12 வயதுப் பிள்ளையின் மனத்தைப் பார்ப்பவர் யார்?

காலை எட்டரைக்குச் சென்ற தாய் வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிறது. ஏற்றுமதி ஆர்டர் நெருக்கினால் இன்னும் தாமதம். பீஸ் ரேட்டில் தைப்பவருக்குச் சும்மா உட்காரும் ஒவ்வொரு நிமிடமும் கூலி இழப்பு. அவர்களைக் குறை கூற இதை எழுதவில்லை. நம்மில் பலர் அந்தக் கூலியில் படிப்பவர்களே. மாலை நாலரைக்குப் பள்ளி விட்டு லைன் வீட்டுக்கு வரும் பிள்ளை நான்கு மணி நேரம் தனியே இருக்கிறது. தந்தையின் குடி, தேர்வு அச்சம், உடலில் காணும் மாற்றம், தோழர்களின் கேலி ஆகிய எல்லாவற்றையும் அந்த நான்கு மணி நேரத்தில் தனக்குத்தானே பேசிக்கொள்கிறது.

“அந்தக் காலத்தில் ஆலோசகரா இருந்தார்? பாட்டி இருந்தாளே!” என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் பாட்டியை ஊரிலேயே விட்டுவிட்டல்லவா வந்தார்கள்? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோரின் பிள்ளைகளுக்கோ பக்கத்து வீட்டாரின் மொழியும் புரிவதில்லை.

இவ்வூருக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. வேறு ஊரில் மதிப்பெண் குறைந்த பையன் அழுவான். இங்கே அவன் கம்பெனிக்குப் போய்விடலாம் என்று எண்ணுகிறான். கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ 14 வயதுக்கு மேல் அபாயமற்ற வேலைகளை அனுமதிக்கிறது. மனம் மிகவும் தடுமாறும் வயதில்தான் பள்ளியின் கதவு தளர்ந்து, கம்பெனியின் கதவு திறக்கிறது. அந்த வேளையில், “ஏனப்பா, என்ன நடந்தது?” என்று கேட்க ஒருவர் இருந்தால் அவன் நின்றுவிடவும் கூடும்.

மனநலம் வசதி படைத்தோரின் கவலை என எண்ணுவோர் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதத்தினர் மனநலக் கோளாறுக்கு ஆளாகியிருப்பதாகக் கண்டது. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் எழுபது பேருக்கு மேல்!

அரசு வாளாவிருக்கவில்லை. 2013இல் பள்ளி மாணவருக்கு நடமாடும் உளவியல் ஆலோசனை வண்டிகள் வந்தன. 32 மாவட்டங்களுக்குப் பத்து வண்டிகள். ஒரு நாள் வந்து மறு நாள் மறையும் வண்டியில் இருப்பவரிடம் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? 2018இல் 14417 என்ற பள்ளிக்கல்வி உதவி எண்ணும், 2022 அக்டோபர் 10 அன்று டெலி-மானஸ் என்னும் 14416 சேவையும் தொடங்கின. சென்னையில் சிநேகா நிறுவனம் 1986 முதல் தொலைபேசி வழியே துயருற்றோர்க்குச் செவி கொடுத்து வருகிறது. இவற்றின் அருமையை மறுப்பவன் அல்லன் நான். ஆயினும் ஓர் அறை வீட்டில், தந்தையின் கைப்பேசியில், தந்தையைப் பற்றி எப்படிப் பேசுவது?

ஆகவே ஆள் வேண்டும், பள்ளியிலேயே வேண்டும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனம் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று வழிகாட்டியது. கணக்கு ஆசிரியருக்கே ஆலோசகர் என்ற பட்டத்தையும் சூட்டிப் பதிவேட்டை நிரப்பிவிடுவார்களோ என்பதே என் அச்சம். மதிப்பெண் போடும் கையிடம் மனத்தைத் திறப்பது கடினம், அவர் எவ்வளவு நல்லவராயினும்.

ஆலோசனை மட்டுமே போதும் என்பதும் அன்று. தவறியவர் உடனே துணைத் தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடும், 2017இல் பிளஸ் டூ தரவரிசை அறிவிப்பைக் கைவிட்டதும் பிள்ளைகளின் நெஞ்சச் சுமையைக் குறைத்தவையே.

திருப்பூர்ப் பள்ளி ஆலோசகர் மாலை நான்கு மணிக்குப் பூட்டிச் செல்பவராக இருத்தல் ஆகாது. பிள்ளை தனித்திருக்கும் மாலையில் அவர் இருக்க வேண்டும். பெற்றோரைக் காண ஞாயிறு காலையில் வர வேண்டும், மற்ற நாளில் அவர்களுக்கு ஏது ஓய்வு? ஆறு வயதுக்குட்பட்ட மழலைக்கு ஆலையில் காப்பகம் வைக்கச் சட்டம் சொல்கிறது. அந்த மழலை வளர்ந்து பன்னிரண்டை எட்டியதும் அதன் நினைவு யாருக்கும் இல்லை. ஏற்றுமதியாளர் பெருமக்கள் மனம் வைத்தால் இந்த ஆலோசகர்களின் ஊதியம் அவர்களுக்குப் பெரிய தொகை ஆகாது.

நாம் ஆலோசகர்கள் அல்லர். அந்த வேலையில் அரைகுறையாய்க் கை வைக்கவும் கூடாது. எனினும் இவ்வாண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒன்று செய்யலாம். லைன் வீடுகளின் தண்ணீர்க் குழாய் அருகே 14416 என்ற எண்ணைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வைக்கலாம். ஒடியா எழுதத் தெரிந்த பிள்ளைகள் அந்த வீடுகளிலேயே இருக்கிறார்கள்.