முதுகுக்கு ஏற்ற மூட்டை

கல்யாணப் புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். செருப்பு வாங்கப் போனால் இரண்டு காலிலும் மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்து பார்க்கிறோம். ஆனால் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து முதுகுப் பை வாங்கும்போது மட்டும், படத்தில் நிறத்தைப் பார்த்து, "அழகாயிருக்கிறதே!" என்று வரவழைத்து விடுகிறோம். பள்ளிக்கூடப் பையென்றால் பாதகமில்லை. காமிராவையும் லென்ஸுகளையும் சுமந்துகொண்டு மலையேறுவதற்கான பையாயிற்றே!

மலையில் நடப்பதும் படம் பிடிப்பதும் இப்போது நம் வீட்டுப் பெண்களிடம் நன்றாகவே பரவியிருக்கின்றன. கல்லூரிப் பெண்கள் மட்டுமல்ல; பிள்ளைகளை ஆளாக்கிவிட்ட தாய்மார்களும் காமிராவும் கையுமாகக் கிளம்பிவிட்டார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் கிளம்பியவர்களில் சிலர் ஒரே நடையோடு திரும்பிவிடுகிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி, கல்லூரியில் கடைசி வருஷம் படிப்பவள், தோழர் தோழிகளுடன் கொடைக்கானல் பக்கம் நடக்கப் போனாள். இரண்டு மணி நேரத்தில் தோள் கடுத்தது. பிறகு வலது கை விரல்கள் மரத்துப் போயின. "உன்னால் முடியாதென்று அப்போதே சொன்னோமே" என்று கூட வந்த பையன்கள் மூட்டையை வாங்கிக்கொண்டார்கள். பை முன்னே போயிற்று. அவள் பின்னே போனாள். சோலைக்காட்டு ஓரத்தில் காட்டெருமைக் கூட்டம் ஒன்று நின்றபோது, அவளுடைய காமிரா ஒரு பர்லாங் தூரத்தில் இருந்தது! ஊர் திரும்பியதும், "எனக்குப் பலம் போதாது, காமிராவை விற்றுவிடலாமென்று பார்க்கிறேன்" என்றாள்.

அந்தப் பையை நான் வாங்கிப் பார்த்தேன். ஆறடி ஆண்பிள்ளையின் முதுகுக்குத் தைத்தது. அவள் மாட்டிக்கொண்டால் இடுப்புப் பட்டை இடுப்பில் உட்காராமல் தொடைப் பக்கம் தொங்கியது. எடை முழுவதும் இரண்டு தோள் வார்களில். வார் ஓயாமல் தோளை அழுத்தினால் கைக்குப் போகும் நரம்புகள் நசுங்கி, கை மரத்துவிடும். வைத்தியர்கள் இதற்கு 'ரக்ஸாக் பால்ஸி' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். மூட்டை சுமக்கும் ராணுவ வீரர்களுக்கே வருகிற கோளாறு. இதற்கும் பலத்துக்கும் என்ன சம்பந்தம்?

நம் பாட்டிமார்கள் தண்ணீர்க் குடத்தைத் தோளில் கட்டித் தொங்கவிட்டா கொண்டுவந்தார்கள்? இடுப்பில் வைத்தல்லவா வந்தார்கள்! அழுகிற குழந்தையும் அங்கேதான் ஏறி உட்காரும். உடம்பில் சுமை தாங்குவதற்கென்றே அமைந்த இடம் இடுப்பெலும்பும் அதன் கீழுள்ள கால்களும்தான். அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த டிக் கெல்ட்டி என்பவர் 1952-ல் வீட்டிலேயே முதுகுப் பைகள் செய்து விற்க ஆரம்பித்தார். அலுமினியச் சட்டமும் இடுப்புப் பட்டையும் கொண்ட அவருடைய பைகள் சுமையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கிப் பெயர் வாங்கின. துணியைத் தைத்துக் கொடுத்தவர் அவர் மனைவி நீனா. பைக்குப் பெயர் மட்டும் கணவருடையது! அந்தக் கதையை இன்னொரு வாரம் வைத்துக்கொள்வோம்.

ஆகவே, பை வாங்குமுன் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுங்கள். தலையைக் குனிந்தால் பிடரிக்குக் கீழே ஓர் எலும்பு புடைத்துத் தெரியும். அது மேல் எல்லை. இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில், கட்டை விரல்கள் முதுகுப் பக்கம் வரும்படி வையுங்கள். இரு கட்டை விரல்களுக்கும் நடுவே கோடு இழுத்தால் அது கீழ் எல்லை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள நீளந்தான் உங்கள் முதுகு அளவு. மகளையோ மருமகளையோ கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள்; தானே அளந்தால் சரியாக வராது. உயரத்தை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. ஒரே உயரமுள்ள அக்கா தங்கைக்கே இந்த அளவு வேறுபடும். நல்ல பைகளில் எந்த அளவு முதுகுக்கு என்று குறித்திருப்பார்கள். பெண்களுக்கென்றே தைப்பவற்றில் முதுகு நீளம் குறைவாயிருக்கும். தோள் வார்கள் குறுகலாகவும் மார்பை ஒதுக்கி வளைந்தும் இருக்கும். இடுப்புப் பட்டையும் சற்றுச் சாய்வாக வெட்டியிருக்கும். ஊதா நிறத் துணியும் பூவேலையும் போட்டுவிட்டால் மட்டும் பெண்கள் பை ஆகிவிடாது!

அடுத்தது எடை. காமிராவும் சாதாரண லென்ஸும் ஒன்றரைக் கிலோ. பறவை பிடிக்கும் நீள லென்ஸ் இன்னொரு ஒன்றரை. முக்காலி ஒன்றரை. தண்ணீர் இரண்டு லிட்டரென்றால் இரண்டு கிலோ. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் அதை வீட்டுப் பாட்டிலில்தான் கொண்டுபோக வேண்டும். சாப்பாடு, மழைக்கோட்டு, டார்ச்சு, மருந்து இவை ஒன்றரை. ஆக, எட்டுக் கிலோ! ஒரு நாள் நடைக்கு உடம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு சுமக்கலாம் என்பது மலையேறுகிறவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஐந்தரைக் கிலோதான் வருகிறது. பையின் எடையையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதை விடுவது? என் ஓட்டு முக்காலிக்கு எதிராக. அருவியையோ நட்சத்திரங்களையோ பிடிக்கப் போகாதவர்கள் அதை வீட்டிலேயே நிறுத்திவிடலாம். நீள லென்ஸா, சாதாரண லென்ஸா என்பதையும் கிளம்புமுன்பே முடிவு செய்யுங்கள். எழுத்தாளர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன், ஒரு காமிராவின் உடலையும் இன்னொன்றின் லென்ஸையும் தாமே சேர்த்துப் பிணைத்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டி வைத்திருந்தார். அதைக்கொண்டு அவர் எடுத்த யானைப் படங்களை இன்றும் வியக்கிறார்கள்.

பையின் எடை என்றேனே, இங்கேதான் பலர் ஏமாறுவது. காமிராவுக்கென்றே விற்கும் பைகளில் நாலு பக்கமும் கெட்டி மெத்தை வைத்துத் தைத்து, காலிப் பையே இரண்டு கிலோ கனக்கும். அதிலும் பலவற்றில் இடுப்புப் பட்டை வெறும் நாடாதான். வெயிலில் நகரத்துத் தெருவில் அலையச் சரி, மலைக்கு உதவாது. நல்ல நடைப் பையாக, இருபத்தைந்து முப்பது லிட்டர் கொள்ளுவதாக வாங்கி, உள்ளே காமிராவுக்கு மட்டும் மெத்தை வைத்த சிறு பெட்டியைச் செருகிக்கொள்வதே மேல். வேறு நாளில் பெட்டியை எடுத்துவிட்டால் அதே பை சாதாரண பிரயாணத்துக்கும் ஆகும். முதுகுப் பக்கம் திறக்கிற மாதிரிப் பை கிடைத்தால் விடாதீர்கள். கீழே வைத்துத் திறக்கும்போது சேறும் அட்டையும் பையின் முன்பக்கத்தோடு நின்றுவிடும். உங்கள் முதுகில் ஏறாது.

பை வந்ததும் விலைச் சீட்டைக் கிழிக்காமல், ஐந்து கிலோ அரிசியை உள்ளே வைத்து மாடிப்படியில் அரை மணி நேரம் ஏறி இறங்குங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். முதலில் எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு, இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்குங்கள். அப்புறந்தான் தோள் வார். தோளுக்கும் வாருக்கும் நடுவே விரல் நுழையாமல் இறுகியிருந்தால் சுமை இன்னும் தோளிலேயே இருக்கிறதென்று அர்த்தம். பட்டையைக் கழற்றிப் பார்த்தால் சட்டென்று தோளில் பாரம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

மழை உறையைப் பற்றி ஒரு வார்த்தை. அது பையின் வெளிப்பக்கத்தை மட்டுந்தான் மூடும். முதுகு வழியாக வழிகிற தண்ணீர் உள்ளே போய்விடும். காமிராப் பெட்டியை நீர் புகாத இன்னொரு பைக்குள் வைத்துவிட்டால் கவலையில்லை. சாப்பாட்டை மட்டும் அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். குரங்குக்கு ஸிப்பைத் திறக்கத் தெரியும். தயிர்சாதத்துக்கும் லென்ஸுக்கும் வித்தியாசம் தெரியாது!

குளிர்ந்த மலையிலிருந்து சென்னை, மதுரைப் புழுக்கத்துக்குத் திரும்பியவுடன் பையைத் திறந்தால் லென்ஸில் ஈரம் படியும். ஒன்றிரண்டு மணி நேரம் அப்படியே மூடி வைத்திருந்து, பிறகு காமிராவை வெளியே எடுத்துவிடுங்கள். ஈரமான பைக்குள்ளேயே வைத்துப் பரணில் ஏற்றினால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். பையை நிழலில் காயப் போடுங்கள். லென்ஸுகள், காற்றுப் புகாத டப்பாவில், சிலிகா ஜெல் பொட்டலங்களோடு இருக்கட்டும். நிறம் மாறுகிற ரகமாகப் பார்த்து வாங்கினால், எப்போது மாற்ற வேண்டுமென்று அதுவே சொல்லும்.