டார்ஸியின் சட்டை

ஜேன் ஒஸ்டின் அம்மையார் 1813ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிரைட் அன்ட் பிரஜுடிஸ்' நாவலை ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்கள் நன்கு அறிவர். அன்ட்ரூ டேவிஸ் அதனை நாடகமாக எழுத, பி.பி.சி. தொலைக்காட்சி 1995ஆம் ஆண்டு ஆறு பகுதிகளாக ஒளிபரப்பியது. பார்த்தவர் யாவரும் மறவாதது அதில் வரும் ஒரு நனைந்த சட்டையையே. நாவலில் அச்சட்டை இல்லை. அது டேவிஸின் கற்பனை.

கதையை அறியாதவர்களுக்காகச் சிறிது கூறுவோம். செல்வச் செருக்குடைய டார்ஸி எலிசபெத்தை மணக்கக் கேட்கிறான். அவளோ கடிந்து மறுத்துவிடுகிறாள். சில மாதங்களின் பின், அவன் ஊரில் இல்லை என நம்பி, மாமன் மாமியுடன் அவனது மாளிகையைப் பார்க்கச் செல்கிறாள். அவன் எதிர்பாராது திரும்பி, குளத்திலே நீந்திவிட்டு, ஈரச் சட்டையுடன் நடந்து வருகையில் அவள் எதிர்ப்படுகிறாள்.

அதுவரை டார்ஸியை நாம் எவ்வாறு கண்டோம்? தாடையை முட்டும் கழுத்துத்துணி, இறுக்கமான வெயிஸ்ற்கோட்டு, அதன் மேல் இருண்ட நிறக் கோட்டு. வெம்மையான நிறங்களை நண்பன் பிங்க்லிக்கு விட்டுவிட்டு, தமக்கு இருண்ட நிறங்களே வேண்டுமென நடிகர் கொலின் ஃபெர்த் விரும்பினாராம். உடையமைத்து எம்மி விருது பெற்ற டைனா கொலின், காதலையும் அக்கழுத்துத்துணிக்குள்ளேயே இறுக்கிக் கட்டிவிட்டார் எனலாம். அக்காலத்தில் சட்டை என்பது உள்ளாடை போன்றது. அதனுடன் மட்டும், தன்னை மறுத்த பெண்ணின் முன் ஒரு கனவான் நிற்பதென்றால்! பேச நா எழவில்லை. பெற்றோர் நலமா என்று கேட்டதையே மீண்டும் கேட்கிறான். ஜெனிபர் ஈலியின் எலிசபெத்தும் எங்கே பார்ப்பதெனத் தெரியாது தவிக்கிறாள். தொடுகை இல்லை, காதல் மொழி இல்லை. ஆயினும் பார்ப்பவர் நெஞ்சு படபடக்கிறது.

உலகம் இதனை வேறுவிதமாக நினைவிற் கொண்டது. 2013இல் லண்டன் ஹைட் பார்க்கின் நீர்நிலையில் 12 அடி உயர டார்ஸி சிலையொன்றை, நீரினின்று எழுபவனாக நிறுத்தினார்கள். நாடகத்திலோ அவன் குளத்திலிருந்து எழுந்து வரும் காட்சியே கிடையாது! 2024இல் அச்சட்டை ஏலத்தில் 20,000 ஸ்ரேலிங் பவுணுக்கு விலைபோயிற்று.

எமக்கோ, அடுத்து வருவதே மேலாகத் தோன்றுகிறது. நாணி விலகிச் சென்ற டார்ஸி அவசரமாக உடைமாற்றி, அவர்கள் வண்டியேறிப் போய்விடு முன் விரைந்து வருகிறான். மீண்டும் அதே கோட்டு, அதே கழுத்துத்துணி. முன்னர் எலிசபெத்தின் தாழ்ந்த உறவுகளை அவள் முகத்துக்கு நேரே இகழ்ந்தவன், இன்று வியாபாரியான அவளது மாமனைத் தனக்கு அறிமுகஞ் செய்து வைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறான். அதற்காகத்தான் அத்தனை அவசரமாக உடுத்தி வந்தான்.