போன மழையில் முளைக்கும் மக்காச்சோளம்

மெக்சிகோவின் தெற்கே வஹாகா மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது நோச்சிட்லான் பள்ளத்தாக்கு. மிஸ்டெக் இன மக்களின் சிற்றூர்கள் நிறைந்த பகுதி. புதிதாகப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது மேல்மண் அரித்துப்போன மொட்டைச் சரிவுகள்தான். இங்கே என்ன விளையப்போகிறது என்று தோன்றும்.

விளைச்சல் சரிவில் இல்லை, ஓடையில் இருக்கிறது. மழைநீர் இறங்கும் ஓடைக்குக் குறுக்கே கல் அடுக்கிக் கரை கட்டுகிறார்கள். வெள்ளம் கொண்டுவரும் வண்டல் அங்கே தங்குகிறது. மண் ஏற ஏறக் கரையையும் உயர்த்துகிறார்கள். சில ஆண்டுகளில் ஓடையே படிப்படியான வயலாகிவிடும். ‘லாமா-போர்டோ’ என்பது இதன் பெயர். 3,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழக்கம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

விதைப்பு இன்னும் விசேஷம். மழை தொடங்க மே, ஜூன் ஆகும். இவர்களோ பிப்ரவரி, மார்ச்சிலேயே மக்காச்சோளம் ஊன்றிவிடுகிறார்கள். இதைப் புழுதி விதைப்பு என்று நினைத்துவிட வேண்டாம். புழுதியில் போட்ட விதை மழைக்குக் காத்துக் கிடக்கும். இந்த விதை காத்திருப்பதில்லை. ‘கோவா’ என்ற நீண்ட பிடிக் கருவியால் காய்ந்த மேல்மண்ணை ஒதுக்கி, ஈரம் தட்டும் வரை குழி எடுத்து, போன பருவத்து மழையின் ஈரத்திலேயே விதையை வைக்கிறார்கள். வண்டல் ஆழமாக இருப்பதால்தான் ஈரம் அத்தனை மாதம் நிற்கிறது. குழிக்குப் பெயர் ‘கஹெத்தே’. அந்தச் சோளத்துக்கும் அதே பெயர்தான். அவ்வளவு ஆழத்திலிருந்து மண்ணை முட்டிக்கொண்டு வெளியே வருவது எல்லா ரகத்தாலும் ஆகாது. அதனால் அறுவடையில் நல்ல கதிராகப் பார்த்து அவரவர் வீட்டிலேயே விதைக்கு எடுத்து வைக்கிறார்கள். ஊன்றுவதை விட்டுவிட்டால் விதையும் போய்விடும்.

இதே பகுதி விவசாயியான ஹெசுஸ் லியோன் சாந்தோஸ், ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு சரிவுகளில் சமமட்ட வாய்க்கால்கள் வெட்டினார். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நாட்டு மரங்களை நட்டார்கள். 2008-ல் அவருக்குக் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

மரம் வேர் பிடித்துவிட்டால் தானே நின்றுகொள்ளும். கல்கரை அப்படியல்ல. ஓர் இடத்தில் உடைந்து, அடைக்காமல் விட்டால் மேல் வயலின் மண்ணும் சேர்ந்து இறங்கிவிடும். நம் குடிமராமத்துபோல, கூலி வாங்காமல் ஊர் கூடிச் செய்யும் ‘தெக்கியோ’ வேலைமுறை அங்கே இன்னும் இருக்கிறது. ஆனால், கல் தூக்க வேண்டிய இளைஞர்களில் பலர் பிழைப்புக்காக மெக்சிகோ நகரத்துக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள்.