எல்லாவற்றுக்கும் ‘சரி’ சொல்லும் வடிவமைப்பாளரும் நம் பள்ளி இணையத்தளமும்



தமிழ்ப்பள்ளிக்கு இணையத்தளம் தேவையா என்பது பழைய கேள்வி. அதற்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. இன்று கேட்க வேண்டியது வேறு. வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பணம் திரட்டி அமைக்கின்ற தளங்கள் ஏன் ஈராண்டுக்குள் ஆளில்லா வீடு போல் ஆகிவிடுகின்றன? அறிவிப்புப் பகுதியில் என்றோ நடந்த விளையாட்டுப் போட்டி. ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்தில் மாற்றலாகிப் போய்விட்ட தலைமையாசிரியரின் வாழ்த்துரை. சில தளங்களில் யு.பி.எஸ்.ஆர் தேர்ச்சி விழுக்காடுதான் இன்னமும் முகப்பை அணிசெய்கிறது. அத்தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது.

குற்றத்தை வடிவமைப்பாளர் தலையில் போடுவது எளிது. அவர் வாங்கிய பணத்திற்கு ஏதோ செய்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார் என்போம். உண்மையில் அவர் நாம் கேட்டதையெல்லாம் செய்து கொடுத்திருக்கிறார். சிக்கலே அங்குதான் தொடங்குகிறது.

பள்ளிக்கூட்டத்தில் நாம் எவற்றைக் கேட்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். முகப்பில் எழுத்து ஓட வேண்டும். வாரியத் தலைவரின் படம் பெரிதாக இருக்க வேண்டும். பக்கத்துப் பள்ளியின் தளத்தைப் போலவே வேண்டும், ஆனால் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். ஒரு காலத்தில் ஃபிளாஷ் அசைவுப்படம் இல்லாத தளம் தளமே அன்று என்ற எண்ணம் இருந்தது. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்திவிட்டதால், அப்படி அமைந்த முகப்புகள் இன்று வெற்றுக் கட்டங்களாகி விட்டன. அதற்கும் முன்பு ஜியோசிட்டீஸில் இலவசமாக வளர்த்த பக்கங்கள் 2009 அக்டோபரில் அச்சேவை மூடப்பட்டதும் மறைந்தன. வடிவமைப்பாளரோ ஒவ்வொரு விருப்பத்திற்கும் ‘செய்துடலாம் சார்’ என்கிறார். ‘இது எதற்குங்க ஐயா?’ என்று ஒரு முறையேனும் கேட்பதில்லை.

என் கருத்தில், அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்தவரே நல்ல வடிவமைப்பாளர். வாடிக்கையாளர் வாய்விட்டுக் கேட்பது ஒன்று. அவருக்குத் தேவைப்படுவது இன்னொன்று. வகுப்பறையில் நமக்கு இது புதிதா? பின்னம் தொடங்கியவுடன் கழிவறைக்குப் போக வேண்டும் என்று கையைத் தூக்கும் மாணவனுக்கு எது தேவை என்று நமக்குத் தெரியாதா? ‘எழுத்தைச் சிவப்பாக்குங்கள்’ என்று சங்கச் செயலாளர் சொன்னால், பெற்றோர் அந்த அறிவிப்பைப் படிக்கவில்லை என்பதே அவருடைய கவலையாக இருக்கலாம். சிவப்பாக்கினால் அது தீராது. அறிவிப்பைப் பக்கத்தின் மேலே ஏற்றி, கைப்பேசியில் விரலால் பெரிதாக்காமலே படிக்கும்படி செய்தால் தீரும். இதை எடுத்துச் சொல்லும் துணிவும் பணிவும் தொழில் திறத்தின் பகுதிகள்தாம்.

பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த முறை ஒன்றுண்டு. பாட நோக்கத்தை எழுதிய பிறகுதான் பாடத்துணைப் பொருளைச் செய்ய வேண்டும். வண்ணத்தாளும் பசையுமாக இரவெல்லாம் விழித்துச் செய்த அழகான பொருளுக்கு, ‘இதைக் கொண்டு மாணவன் எதைக் கற்றுக்கொள்வான்?’ என்று விரிவுரையாளர் கேட்டால் விழிக்காத பயிற்சி ஆசிரியர் குறைவு. இணையத்தளமும் துணைப்பொருள்தான். நோக்கத்தை எழுதாமலே நாம் வண்ணத்தாள் வாங்கக் கிளம்பிவிடுகிறோம்.

வடிவமைப்பாளரின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். என்னிடம் படித்து இன்று இத்தொழிலில் இருக்கும் இளைஞர்கள் சிலர் தம் பாடுகளைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். தலைமையாசிரியர் நீலம் என்பார். வாரியச் செயலாளர் பச்சை என்பார். சங்கத் தலைவர் இரவு பதினொரு மணிக்குப் புலனத்தில் குரல்பதிவு அனுப்பி, எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார். ‘சின்ன வேலைதானே தம்பி’ என்ற சொல்லைக் கேட்டால் அவர்களுக்கு நடுக்கம் வருகிறதாம். ஒரு பக்கத்தைக் கூட்டுவது சின்ன வேலைதான். அப்படிப் பதினைந்து சின்ன வேலைகள் சேர்ந்தால் பேசிய கூலி கரைந்துவிடும்; பிறகு அவர் தொலைப்பேசியை எடுக்கமாட்டார்; நாம் அவரை ஏமாற்றுக்காரர் என்போம்.

இதற்கு மருந்து புதிதன்று. எத்தனைப் பக்கங்கள், எத்தனை முறை திருத்தம், அதற்கு மேல் கேட்டால் என்ன கட்டணம், எழுத்தும் படமும் யார் தருவது, எந்த நாளுக்குள் தருவது ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பள்ளியின் சார்பாக ஒருவர் மட்டுமே பேச வேண்டும். மற்றவர்கள் அவரிடம் சொல்லட்டும். தளத்தின் பெயர் பள்ளியின் பெயரில் பதிவாகிறதா, வடிவமைப்பாளரின் சொந்தப் பெயரிலா என்பதையும் அந்தத் தாளிலேயே கேட்டுவிடுங்கள். பெயருக்குரிய கட்டணத்தை உரிய காலத்தில் புதுப்பிக்காவிட்டால் அது நம் கையைவிட்டுப் போய், வேறு எவரும் வாங்கிக்கொள்ளலாம். நானறிந்த ஒரு பள்ளியின் பெயர் அப்படித்தான் போயிற்று. பழைய அச்சுத்தாள்களில் மட்டும் அந்த முகவரி இன்னும் இருக்கிறது.

இனி உள்ளடக்கத்திற்கு வருவோம். என் முதன்மையான கவலை இதுதான். வணிக உலகில் ‘உள்ளடக்கச் சந்தைப்படுத்தல்’ என்று ஒன்றைச் சொல்கிறார்கள். பெயர்தான் புதியது. அமெரிக்காவில் உழவுக்கருவி செய்யும் ஜான் டீர் நிறுவனம் 1895-இல் ‘தி ஃபரோ’ என்ற இதழைத் தொடங்கி உழவர்களுக்கு வேளாண்மை பற்றி எழுதியது. பிரான்சில் உருளிப்பட்டை செய்யும் மிச்சலின் நிறுவனம் 1900-இல் ஒரு கையேட்டை இலவசமாகக் கொடுத்தது. பட்டையை மாற்றுவது எப்படி, எரியெண்ணெய் எங்குக் கிடைக்கும், எங்குத் தங்கலாம் என்பனவே அதில் இருந்தன. ‘எங்கள் பொருளை வாங்குங்கள்’ என்று கூவுவதை விட்டுவிட்டு, வாங்கப் போகிறவருக்கு இன்று எது தெரிய வேண்டுமோ அதைச் சொல்லிக் கொடுப்பதுதான் இதன் முறை. பயன்பட்டால் நம்பிக்கை வருகிறது. நம்பிக்கை வந்தால் ஆள் வருகிறார்.

பள்ளி என்ன கடையா என்று சினம் கொள்ள வேண்டா. மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்று மேடைதோறும் கலங்குகிறோம். 150 மாணவர்களுக்கும் குறைவாக உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. தோட்டப்புறங்களிலிருந்து மக்கள் நகர்ந்துவிட்ட பிறகு நம் பள்ளிகளில் எத்தனையோ அந்த வகையில்தான் இருக்கின்றன. ‘தமிழ்ப்பள்ளியே நம் தேர்வு’ என்ற பதாகையைத் தளத்தின் தலையில் கட்டிவிட்டால் ஐயத்தோடு இருக்கும் தாய்க்கு அது விடையாகுமா?

அந்தத் தாய் இரவில் கைப்பேசியில் தேடுவது இவற்றைத்தான்: பேருந்து எங்கள் குடியிருப்புக்கு வருமா? இருவரும் வேலைக்குப் போகிறோம், பள்ளி முடிந்த பின் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்? பாலர் வகுப்பு உண்டா? இடைநிலைப் பள்ளிக்குப் போனால் மலாய் மொழியில் தடுமாறுவாளா? யு.பி.எஸ்.ஆர் தேர்வு இல்லையே, பிள்ளையின் நிலையை நான் எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், ஆசிரியர் நேரில் பேசுவதுபோல், மறைக்காமல் எழுதினால் போதும். பேருந்து வராவிட்டால் வராது என்றே எழுதுங்கள். யார் யார் சேர்ந்து சிற்றுந்து வைத்திருக்கிறார்கள், பள்ளியில் யாரைக் கேட்கலாம் என்பதையும் எழுதுங்கள். சிறிய பள்ளியாக இருந்தால் அதை ஒளிக்க வேண்டா. ஒரு வகுப்பில் 12 பேர் மட்டும் இருந்தால், ஆசிரியர் ஒவ்வொருவரின் வாசிப்பையும் நாள்தோறும் காது கொடுத்துக் கேட்க முடிகிறது என்று எழுதலாமே! இப்படிப்பட்ட பக்கங்களை மலாயிலும் எழுத வேண்டும் என்பேன். தமிழ் படிக்காத பெற்றோரும் நம் பிள்ளைகளின் பெற்றோர்தாம்.

முகநூலே போதும் என்பார் உண்டு. முகநூலில் இட்டது ஒரு வாரத்தில் கீழே இறங்கிவிடுகிறது. அடுத்த ஆண்டு தேடுகிறவருக்கு அது அகப்படாது. பக்கத்தை நடத்திய ஆசிரியர் மாற்றலானால் கடவுச்சொல்லும் அவரோடு மாற்றலாகிவிடுகிறது. அன்றாடப் படங்களுக்கு அது இருக்கட்டும்.

இதையெல்லாம் யார் எழுதுவது? வடிவமைப்பாளர் ‘உரையைப் பள்ளி தரும்’ என்று காத்திருப்பார். பள்ளி, ‘அவரே போட்டுவிடுவார்’ என்று காத்திருக்கும். முடிவில் மின்மொழிபெயர்ப்பு வந்து உட்கார்ந்துவிடும். தமிழறியாத வடிவமைப்பாளராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பாமினி எழுத்துருவில் தட்டிய உரையை அப்படியே ஒட்டி, ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தோன்றவிடுவார். கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும், நடுவில் ஒரு புள்ளி வட்டமுமாகப் பதாகை தொங்கும். வேறு சிலர் தமிழுரையைப் படமாக்கி ஒட்டிவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். தேடுபொறியில் தமிழில் தேடுகிறவருக்கு அகப்படுவது அரிது. ஒருங்குறியில் தட்டிக் கொடுங்கள், எழுத்தாகவே ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றியபின் தமிழறிந்த ஒருவர் தம் கைப்பேசியில் படித்துப் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

எழுத வேண்டியவர்கள் நாம்தாம், ஆசிரியர்கள். மாதம் ஒரு பக்கம் போதும். ஏற்கெனவே கோப்புகளில் புதைந்து கிடக்கிறோமே என்ற முணுமுணுப்பு எனக்கும் கேட்கிறது. அதனால்தான் தலைமையாசிரியர் இதைக் கூடுதல் சுமையாகத் தராமல், வேறொரு பணியைக் குறைத்துத் தர வேண்டும் என்கிறேன். எழுத ஆளில்லை என்றால் அதற்கும் கூலி ஒதுக்குங்கள். தளத்திற்கு 3,000 ரிங்கிட் கொடுக்க முன்வரும் வாரியம் எழுத்துக்கு 300 ரிங்கிட் கேட்டால் முகம் சுளிப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. தமிழ் எழுதுவது ஒரு தொழிலாகாது என்று நாமே பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்கிறோம்.

மாணவர்களின் படத்தைப் பற்றியும் ஒன்று. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. அது வணிகத் தொடர்புகளுக்கானது, அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. அதற்காகப் பிள்ளையின் முழுப்பெயர், வகுப்பு, முகம் மூன்றையும் பெற்றோரைக் கேளாமல் உலகுக்குக் காட்டிவிடலாமா? பள்ளி கேட்டாலும், ‘பெற்றோர் ஒப்புதல் தாள் இருக்கிறதா?’ என்று திருப்பிக் கேட்கும் வடிவமைப்பாளருக்கு நான் கூடுதலாகவே கொடுக்கச் சொல்வேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையை முதலாம் ஆண்டில் பதியும் முன் எந்தெந்தக் கேள்விகளுக்கு விடை தேடி அலைந்தீர்கள்? எழுதி அனுப்புங்கள். அவற்றைத் தொகுத்து அடுத்த பதிவில் இடுகிறேன். எந்தப் பள்ளியும் எடுத்துத் தன் தளத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம்.